ஸ்வாந்தே அர்ஹீனியஸ் என்னும் அறிஞர்

தோன்றிய பொருள் யாவும் ஒருநாள் தேய்ந்து அழியும் என்பது நம் நாட்டார் நெடுங்காலமாக அறிந்த உண்மை. எப்பொழுது அழியும் என்பதே அறிதற்கரியது. மனிதருடைய ஆயுளை அளந்து சொல்ல வல்லார் எவருமிலர். ஆயினும், மனிதர் கையாற் செய்த ஒரு பொருள் இவ்வளவு வெப்பத்தில் இத்தனை ஆண்டு நிற்கும் என்று, அது அழிவதற்கு முன்னரே கணக்கிட்டுச் சொல்லும் வழி ஒன்று உண்டு. மின்சாரக் கம்பியின்மேல் இட்ட காப்பு எத்தனை காலம் உழைக்கும் என்பதை இன்று உலகமெங்குமுள்ள பொறியியலார் இவ்வழியைக் கொண்டே மதிப்பிடுகின்றனர். இதற்கு அடிப்படையான விதியை 1889ஆம் ஆண்டில் எழுதி வைத்தவர் ஸ்வீடன் தேசத்து அறிஞராகிய ஸ்வாந்தே ஆகஸ்ட் அர்ஹீனியஸ் என்பவர். அவர் மின்காப்பைக் கருதி அதனை எழுதினாரல்லர்; சர்க்கரைக் கரைசலைக் கருதி எழுதினார். பரீட்சையிலே தாழ்ந்த தரம் பெற்றுப் பின்னர் உலகம் போற்றும் பரிசைப் பெற்ற அவருடைய சரித்திரத்தை நம் கலாசாலை மாணவர் அறிந்துகொள்வது நலம் எனக் கருதி, ஈண்டுச் சுருக்கமாக எழுதத் துணிந்தோம்.

கரிசற் சீமையும் மின்காப்பும்

இச்சரித்திரம் தூர தேசத்தது என்று எண்ணி நம்மவர் இதனை ஒதுக்கிவிடலாகாது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வறண்ட பூமியை நம்மிற் பலர் அறிவோம். எம்.ரெட்டியபட்டியும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் வானம் பார்த்த ஊர்கள். பருத்தியும் மல்லியும் மிளகாயும் கம்பும் சோளமும் பருவ மழையை நம்பி நிற்பவை. மழை பொய்த்தாற் கண்மாய் வறளும். கிணற்றடியிலே கிடக்கும் சிறிது நீரை இறைத்துத்தான் பயிரைக் காத்தல் வேண்டும். முன்னாளிற் கமலையும் ஏற்றமும் இறைத்த நீரை இந்நாளில் மின்சார மோட்டார் இறைக்கின்றது. 1932ஆம் ஆண்டிற் பைக்காராவிலும், 1944ஆம் ஆண்டிற் பாபநாசத்திலும் விழும் நீரினின்று மின்சாரம் எடுக்கத் தொடங்கிய பின்னர், இவ்வசதி தென்பகுதிக் கிராமங்களுக்குப் படிப்படியாக வந்து சேர்ந்தது.

அக்கினி நட்சத்திர நாளிலே தகரக் கொட்டகைக்குள் ஓடும் மோட்டார் ஒன்றை நினைத்துப் பார்ப்போம். வெளியே வெயில் 40 டிகிரி. கொட்டகைக்குள்ளே அதனினும் மிகுதி. எல்லாரும் ஒரே வேளையில் நீர் இறைத்தலால், மின்கம்பியின் கடைக்கோடியிலுள்ள ஊருக்கு வோல்டேஜ் குறைந்து வருகின்றது. வோல்டேஜ் குறையக் குறைய, அதே பாரத்தை இழுக்கும் மோட்டார் அதிக மின்னோட்டத்தை வாங்குகின்றது. மின்னோட்டம் இரட்டித்தாற் கம்பியிலே பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது பௌதிகம் கற்றார் அறிந்ததே. ஒருநாள் கருகல் நெடி எழும்; மோட்டார் நின்றுவிடும். காயில் போய்விட்டது என்று குடியானவர் சொல்வார். மோட்டாரைக் கழற்றி, நகரத்துக்குக் கொண்டுசென்று, புதிதாகக் காயில் கட்டித் திரும்புவதற்குள் பயிர் வாடும்; கடனும் ஏறும்.

கெட்டது செம்புக் கம்பியன்று. செம்பு உருகுவதற்கு 1,000 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே நின்று, மின்சாரம் வழி தவறாமற் காத்துவந்த மெல்லிய காப்பே கெட்டது. அதுவும் ஒரே நாளிற் கெட்டதன்று. பல நாளாக, காண்பார் எவருமின்றி, உள்ளுக்குள்ளே நைந்து வந்தது. அவ்வாறு நைவதன் வேகத்தை அளப்பதற்கு வழி காட்டியவரே நாம் கூற வந்த அறிஞர்.

பிறப்பும் இளமையும்

அர்ஹீனியஸ் 1859ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 19ஆம் தேதி, ஸ்வீடனிலுள்ள உப்சாலா நகரத்தை அடுத்த வீக் என்னுமிடத்திற் பிறந்தார். இவருடைய தந்தையார் நில அளவைத் தொழிலர். உப்சாலா சர்வகலாசாலைக்கு உரிய நிலங்களை மேற்பார்வை செய்தவர். குழந்தை பிறந்து ஓராண்டு கழிந்தபின் குடும்பத்தார் உப்சாலா நகரத்திலேயே குடியேறினர். மூன்று வயதிலே, யாரும் கற்பிக்காமலே, இவர் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினார் என்பர். தந்தையார் கணக்குப் புத்தகங்களிற் கூட்டல் போடுவதை அருகிருந்து பார்த்தே எண்களிற் பற்றுக் கொண்டார். நம் ஊர்க் கணக்குப்பிள்ளை வீட்டுச் சிறுவர் திண்ணையில் அமர்ந்து கணக்குக் கற்றது போன்றதே இதுவும். பிற்காலத்தில் எந்தப் பொருளை எடுத்தாலும் அதனை எண்ணாக்கிப் பார்க்கும் வழக்கம் அக்காலத்திலேயே இவர்பால் வேரூன்றிவிட்டது.

1876ஆம் ஆண்டிற் பள்ளிப் படிப்பை முடித்து, உப்சாலா சர்வகலாசாலையிற் சேர்ந்து கணிதமும் பௌதிகமும் இரசாயனமும் கற்றார். ஆங்குக் கிடைத்த போதனை இவருக்கு மனநிறைவு தரவில்லை. ஆகவே 1881ஆம் ஆண்டில் தலைநகராகிய ஸ்டாக்ஹோமுக்குச் சென்று, எட்லுண்ட் என்னும் பௌதிக ஆசிரியரிடம் ஆராய்ச்சி செய்யலானார். உப்பு முதலியவை கரைந்த நீரின் வழியே மின்சாரம் எவ்வாறு செல்கின்றது என்பதே இவர் எடுத்துக்கொண்ட பொருள்.

பரீட்சையிற் பெற்ற தரம்

வெறும் உப்பும் மின்சாரத்தைக் கடத்தாது. தூய நீரும் பெரும்பாலும் கடத்தாது. உப்பு நீரிற் கரைந்தவுடன் கடத்துகின்றது. இஃது ஏன்? கரைந்த மாத்திரத்திலேயே உப்பின் மூலக்கூறுகளிற் பல, மின்னேற்றம் கொண்ட இரு கூறாகப் பிரிந்து நிற்கும் என்ற கருத்துக்கு அர்ஹீனியஸ் வழி திறந்தார். அக்கூறுகளை நாம் அயனிகள் என்கின்றோம். இன்று உயர்நிலைப் பள்ளிச் சிறுவனும் இதனைப் பாடமாகச் சொல்வான். அன்றோ, சோடியமும் குளோரினும் நீருக்குள்ளே தனித்தனியே உலவுகின்றன என்பது நகைப்புக்கிடமாகத் தோன்றிற்று. தண்ணீரிற் பட்டால் தீப்பற்றும் சோடியமும் நச்சுக்காற்றாகிய குளோரினும் நாம் உண்ணும் உப்பு நீரில் எங்ஙனம் இருத்தல் கூடும் என்று பலர் வினவினர். மின்னேற்றம் பெற்ற அணுவின் குணம் வேறு, ஏற்றமில்லா அணுவின் குணம் வேறு என்பது அக்காலத்தில் விளங்கவில்லை.

1884ஆம் ஆண்டில் இவர் 150 பக்கமுள்ள ஆராய்ச்சி நூலை உப்சாலாவிற் பட்டத்திற்காகச் சமர்ப்பித்தார். பரீட்சகர்கள் அந்நூலுக்கு நான்காம் தரமே அளித்தனர். அதனை வாதாடி நிலைநாட்டிய திறமைக்கு மூன்றாம் தரம் அளித்தனர். இத்தகைய தரம் பெற்றவர் அந்நாட்டில் ஆசிரியராதல் அரிது. இருபத்தைந்து வயதிலே எதிர்கால வழி அடைபட்டு நின்றார்.

ஆயினும் அவர் சோர்ந்து ஒதுங்கவில்லை. தம் நூலின் பிரதிகளை ஐரோப்பாவின் பெரிய இரசாயன, பௌதிக அறிஞர் சிலருக்கு அனுப்பினார். அவர்களுள் ரீகா நகரத்திலிருந்த ஆஸ்ட்வால்ட் என்பவர் அந்நூலின் அருமையை உணர்ந்து, அவ்வாண்டிலேயே கடல் கடந்து உப்சாலாவுக்கு வந்து, அவ்விளைஞரை நேரிற் கண்டு, தம்மிடம் வேலை தருவதாகவும் கூறினார். வெளிநாட்டறிஞர் தேடி வந்ததைக் கண்டபின், உப்சாலாவாரும் இவருக்கு ஒரு போதகர் பதவி அளித்தனர். தந்தையார் நோயுற்றிருந்தமையால் அர்ஹீனியஸ் அப்போது ரீகாவுக்குச் செல்லவில்லை. 1885ஆம் ஆண்டில் தந்தையார் காலமானார். அதன்பின் விஞ்ஞானக் கழகத்தின் உதவிப் பணம் பெற்று, 1886 முதற் சில ஆண்டுகள் ஐரோப்பாவிற் சுற்றி, ஆஸ்ட்வால்ட், கோல்ராஷ், போல்ட்ஸ்மன், வாண்ட் ஹாஃப் ஆகிய பேரறிஞரிடம் ஆராய்ச்சி செய்தார். 1887ஆம் ஆண்டில் அயனிப் பிரிவுக் கொள்கை முழு வடிவில் வெளிவந்தது.

சர்க்கரை கற்பித்த விதி

இனி நம் பொருளுக்கு வருவோம். நம் வீடுகளிற் சர்க்கரைப் பாகு காய்ச்சும்போது சிறிது எலுமிச்சஞ்சாறு பிழிவதுண்டு. பிழிந்தால் பாகு பூத்துக் கட்டியாகாது. காரணம் யாதெனின், புளிப்பின் உதவியாற் கரும்புச் சர்க்கரையின் மூலக்கூறு நீரோடு கூடி இருவகைச் சர்க்கரைகளாகப் பிரிகின்றது. இப்பிரிவு குளிர்ந்த பாகில் மெல்ல நடக்கும். கொதிக்கும் பாகில் விரைந்து நடக்கும். இம்மாற்றத்தின் வேகத்தையே அர்ஹீனியஸ் 1889ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் ஆராய்ந்தார்.

அவரைத் திகைக்க வைத்தது ஒன்று. பத்து டிகிரி வெப்பம் ஏறினால் மூலக்கூறுகள் ஓடும் வேகம் நூற்றுக்கு இரண்டு பங்குகூட ஏறுவதில்லை. மாற்றத்தின் வேகமோ இரு மடங்கும் அதற்கு மேலும் ஆகின்றது. சிறு காரணத்திற்கு இத்துணைப் பெரிய காரியம் எப்படி விளையும்? எல்லா மூலக்கூறுகளும் மாற்றத்துக்கு உரியனவல்ல, குறித்த அளவு சக்தி பெற்ற மிகச் சிலவே உரியன என்று அவர் விடை கண்டார்.

நம் ஊர்க் கண்மாயை உவமையாகக் கொள்வோம். நீர் மட்டம் கரைக்குத் தாழவே நிற்கின்றது. காற்றில் எழும் அலைகளுள் மிக உயர்ந்த சிலவே கரையைத் தாண்டி அப்புறம் விழும். நீர் மட்டம் ஒரு சாண் ஏறினால், மொத்த நீரின் அளவு சிறிதே கூடியதாயினும், கரை தாண்டும் அலைகளின் எண்ணிக்கை பன்மடங்காகும். வெப்பமும் அத்தகையதே. கரையின் உயரத்தை இன்று கிளர்வு ஆற்றல் என்பர். ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவ்வுயரம் வேறு. அதனை அறிந்தால், எந்த வெப்பநிலையில் மாற்றம் எவ்வளவு வேகமாக நடக்கும் என்று கணக்கிடலாம். வெப்பத்தைப் பனி உருகும் நிலையிலிருந்து எண்ணாமல், அதற்கும் 273 டிகிரி கீழேயுள்ள முழுச் சூனிய நிலையிலிருந்து எண்ணி, அவ்வெண்ணின் தலைகீழை ஒரு பக்கமும், வேகத்தின் மடக்கையை மறுபக்கமும் குறித்தால் நேர்கோடு கிடைக்கும். வாண்ட் ஹாஃப் தொடங்கிவைத்த சிந்தனையை இவர் இவ்வாறு விளக்கமுறச் செய்தார். இதுவே அர்ஹீனியஸ் சமன்பாடு என வழங்குவது.

விதி காப்புக்கு வந்த வரலாறு

மின்சார யந்திரங்கள் பெருகத் தொடங்கிய காலத்திற் கம்பிகளுக்குப் பருத்தி நூல், பட்டு, காகிதம் ஆகியவையே பெரும்பாலும் காப்பாயின. அவற்றை வார்னிஷில் அல்லது எண்ணெயில் ஊறவைத்து வழங்கினர். பருத்தி நூலை அருப்புக்கோட்டை நெசவாளர்க்கு நாம் அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. பருத்தியும் காகிதமும் செல்லுலோஸ் என்னும் ஒரே பொருளால் ஆயவை. சிறு சர்க்கரைக் கண்ணிகள் ஆயிரம் அளவில் ஒன்றோடொன்று கோத்த மாலை போன்றது அதன் மூலக்கூறு. வெப்பமும் ஈரமும் புளிப்பும் சேர்ந்தால் அம்மாலை ஆங்காங்கே அறுகின்றது. புதுக் காகிதத்தில் ஆயிரம் அளவிலிருந்த கண்ணிகள் இருநூறு அளவாகக் குறைந்தால், காகிதம் தொட்டாற் பொடியும் நிலை அடையும். பாகில் நடந்த பிரிவும் யந்திரத்திற்குள்ளே காப்பில் நடக்கும் பிரிவும் உறவுடையன என்பது இதனால் விளங்கும்.

1913ஆம் ஆண்டில் ஸ்டைன்மெட்ஸ், லாம் என்னும் அமெரிக்க மின்பொறியாளர் இருவர், காப்பின் வகைக்கேற்ப யந்திரத்தின் வெப்ப எல்லையை வகுத்து எழுதினர். 1930ஆம் ஆண்டில் மான்ட்சிங்கர் என்பவர், டிரான்ஸ்பார்மரின் காப்பு ஒவ்வொரு எட்டு டிகிரி ஏற்றத்துக்கும் தன் ஆயுளிற் பாதியை இழக்கின்றது என்று அனுபவத்தாற் கண்டு கூறினார். ஏன் அப்படி என்பதற்கு விடை 1948ஆம் ஆண்டில் வந்தது. டாக்கின் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், காப்பு நைவது ஓர் இரசாயன மாற்றமே, ஆதலால் அர்ஹீனியஸ் விதி அதற்கும் பொருந்தும் என்று நிறுவினார். சர்க்கரைக்கென்று எழுதிய சமன்பாடு, எழுதியவர் மறைந்து இருபத்தோராண்டு கழிந்தபின் மின்சார உலகத்தின் ஆயுட்கணிதமாயிற்று.

இதன் பயனை எளிய கணக்கால் அறியலாம். ஒரு காப்பு 105 டிகிரியில் 20 ஆண்டு நிற்கும் என்றும், பத்து டிகிரிக்கு ஆயுள் பாதியாகும் என்றும் வைத்துக்கொள்வோம். 115 டிகிரியில் 10 ஆண்டு. 125 டிகிரியில் 5 ஆண்டு. 135 டிகிரியில் இரண்டரை ஆண்டு. முப்பது டிகிரி மிகையாற் பதினேழரை ஆண்டு போயிற்று. பத்து டிகிரி என்பது தோராயமான வாய்ப்பாடே; பொருளுக்குப் பொருள் இது வேறுபடும்.

இவ்விதி இன்னொரு பெரிய உதவியையும் செய்கின்றது. இருபதாண்டு உழைக்க வேண்டிய காப்பைச் சோதிக்க இருபதாண்டு காத்திருப்பார் யார்? ஆகையால் அதனைச் சூட்டடுப்பில் இட்டு, உழைக்க வேண்டிய வெப்பத்தினும் மிக உயர்ந்த மூன்று நான்கு வெப்பநிலைகளில், அது கெடும் வரை வைத்துப் பார்க்கின்றனர். சில வாரங்களிலும் சில மாதங்களிலும் விடை கிடைக்கும். அப்புள்ளிகளைக் கோட்டிலே குறித்து, கோட்டைத் தாழ்ந்த வெப்பத்தின் பக்கம் நீட்டுகின்றனர். கோடு 20,000 மணி நேரத்தைத் தொடும் வெப்பநிலையை அப்பொருளின் வெப்பக் குறியெண்ணாகக் கொள்வது சர்வதேச வழக்கம். இடைவிடாது ஓடினால் 20,000 மணி என்பது இரண்டேகால் ஆண்டு. நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் ஓடும் கிணற்று மோட்டாருக்கு அஃது ஏறக்குறைய ஒன்பது ஆண்டு. காப்புக்கள் 105, 120, 130, 155, 180 டிகிரி என வகைப்படுத்தப்பட்டு, ஏ, ஈ, பி, எஃப், எச் என்னும் எழுத்துக்களாற் குறிக்கப்படுகின்றன. மோட்டாரின்மேல் அறைந்த தகட்டை உற்று நோக்கினால் இவற்றுள் ஒன்றைக் காணலாம்.

இந்நீட்டலில் ஓர் அபாயமும் உண்டு. உயர்ந்த வெப்பத்திற் காப்பைக் கெடுக்கும் மாற்றமும், தாழ்ந்த வெப்பத்திற் கெடுக்கும் மாற்றமும் ஒன்றாக இருந்தாலன்றிக் கோடு மெய் சொல்லாது. சோதனைச் சூட்டில் உருகிவிடும் பொருளைக் கொண்டு, உருகாத நிலையின் ஆயுளைச் சொல்வது எங்ஙனம்? மேலும், ஒரே நாளில் ஒரே கையாற் கட்டிய பத்துக் காயில்களும் ஒரே நாளிற் கெடுவதில்லை. சில முந்தும், சில பிந்தும். இவ்வேறுபாட்டைக் கணக்கில் அடக்கும் முறையை 1951ஆம் ஆண்டில் விளக்கிய வைபுல் என்பவரும் ஸ்வீடன் தேசத்தவரே.

மின்னழுத்தத்தின் பங்கு

காப்பைக் கெடுப்பது வெப்பம் மட்டுமன்று, மின்னழுத்தமும் கெடுக்கும். காப்பினுள்ளே கண்ணுக்குத் தெரியாத காற்றறைகள் இருப்பின், உயர்ந்த அழுத்தத்தில் அவற்றுள் நுண்பொறிகள் பறந்து சுவரை அரிக்கும். நாளடைவில் அவ்வரிப்பு மரம் கிளைப்பதுபோற் கிளைத்து, ஒரு நாள் காப்பை ஊடுருவிவிடும். இதற்குரிய கணக்கு அர்ஹீனியஸ் தந்ததன்று; சோதனைகளைத் தொகுத்துப் பின்னோர் கண்டது. அழுத்தம் ஏற ஏற ஆயுள் அதன் பல படிக்கணக்கிற் குறையும் என்பது அவ்விதி. ஒன்பதாம் படி என்று கொண்டால், அழுத்தம் பத்தில் ஒரு பங்கு மிகுந்தாலே ஆயுள் பாதிக்கும் கீழாகும். அழுத்தம் இரட்டித்தால் 512இல் ஒரு பங்காகிவிடும். வெப்பமும் அழுத்தமும் ஒருங்கே தாக்கும்போது ஒன்று மற்றொன்றுக்குத் துணையாகின்றது. வெப்பத்தாற் சுருங்கி வெடித்த காப்பிலே பொறி புகுவது எளிது.

கரிசற் சீமையை அடுத்த கமுதியில் 2016ஆம் ஆண்டில் 648 மெகாவாட் அளவுள்ள சூரிய மின் நிலையம் தொடங்கப்பட்டது. கதிரவன் மிகக் காய்வதனால் அவ்விடம் அதற்கு ஏற்றது. அக்காய்ச்சலே அங்குள்ள கேபிள், டிரான்ஸ்பார்மர் ஆகியவற்றின் காப்புக்குப் பகை. குளிர் நாட்டிற் பல்லாண்டு நிற்கும் காப்பு இங்கும் அத்துணை நிற்கும் என்று கருதலாகாது. கணக்கிட்டே வாங்குதல் வேண்டும்.

பிற்கால வாழ்வு

அர்ஹீனியஸ் 1891ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் உயர் கலாசாலையிற் போதகராகி, 1895இல் பேராசிரியராகி, 1896 முதல் 1902 வரை அதன் தலைவராகவும் விளங்கினார். 1903ஆம் ஆண்டில் அயனிப் பிரிவுக் கொள்கைக்காக இரசாயனத்துக்குரிய நோபல் பரிசு இவருக்கு அளிக்கப்பட்டது. ஸ்வீடன் தேசத்தார் ஒருவர் நோபல் பரிசு பெற்றது அதுவே முதன்முறை. நான்காம் தரம் பெற்ற நூலில் முளைத்த கொள்கைக்கே அப்பரிசு கிடைத்தது. 1905ஆம் ஆண்டு முதல் தம் அந்திய காலம் வரை நோபல் பௌதிக இரசாயன ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராக இருந்தார்.

இவர் செய்த மற்றொரு கணக்கையும் கூறாமல் விடலாகாது. 1894ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்திய நாளில் தொடங்கி, ஓராண்டுக்கு மேலாகக் கையாலேயே கணக்கிட்டு, காற்றிலுள்ள கரியமில வாயு இரட்டித்தால் பூமியின் வெப்பம் 5 அல்லது 6 டிகிரி ஏறும் என்று 1896இல் வெளியிட்டார். இந்நாளைய ஆராய்ச்சி அதனினும் சற்றுக் குறைந்த அளவையே கூறுகின்றது. ஆயினும் திசை பிழையன்று. குளிர் மிகுந்த நாட்டிற் பிறந்தவராதலின், வெப்பம் ஏறுவது நன்மையென்றே அவர் கருதினார். அவருடைய இரு கணக்குகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வறண்ட சீமையார் அவ்வாறு கருத முடியாது. ஒன்று உலகம் எத்தனை டிகிரி சூடேறும் என்று கூறுகின்றது. மற்றொன்று ஒவ்வொரு டிகிரிக்கும் நாம் என்ன இழப்போம் என்று கூறுகின்றது.

பெரியோர் சரித்திரம் எழுதுவோர் அவர்தம் குறைகளை மறைப்பது நேர்மையன்று. பரீட்சகரால் தாழ்வாக மதிக்கப்பட்ட இவரே, பின்னர் நோபல் பரிசைத் தேர்ந்தளிப்போருள் செல்வாக்குடையவரானபோது, தம் கொள்கையை மறுத்த மெண்டலீவ் என்னும் ருஷ்யப் பேரறிஞருக்கு 1906ஆம் ஆண்டில் அப்பரிசு கிடைக்காதபடி தடுத்தார் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். மெண்டலீவ் அடுத்த ஆண்டே பரிசின்றி இறந்தார். நெர்ன்ஸ்ட் என்பாருக்கும் பரிசு பல ஆண்டு தாமதமாயிற்று. மனிதரை இனவாரியாகத் தரம் பிரிக்க முயன்ற சங்கமொன்றிலும் இவர் சேர்ந்திருந்தார். பொருளை அளப்பதில் வல்லவரும் மனிதரை அளக்கும்போது தவறக்கூடும் என்பதற்கு இவர் வாழ்க்கையே இருமுறை சான்றாயிற்று. ஒருமுறை அளக்கப்பட்டவராய், ஒருமுறை அளந்தவராய்.

அர்ஹீனியஸ் 1927ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 2ஆம் தேதி ஸ்டாக்ஹோமிற் காலமானார். தம்மைத் தாழ்ந்த தரத்தில் வைத்த உப்சாலாவிலேயே அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது.

முடிவுரை

இச்சரித்திரத்தினின்று நாம் கொள்ளத்தக்கவை சில. முதலாவது, பரீட்சைத் தரம் ஒரு நாளைய மதிப்பே. ஆராய்ச்சியின் மதிப்பைக் காலமே கூறும். ஆனாற் காலம் கூறுமென்று கை கட்டி இருந்தாரல்லர் அர்ஹீனியஸ். தம் நூலை அறிவார் கையிற் சேர்ப்பித்தார். மாணவர் இதனை நினைவில் வைத்தல் வேண்டும்.

இரண்டாவது, இன்ன பயனுக்கென்று குறியாமற் செய்த ஆராய்ச்சியும் வீண்போவதில்லை. பாகிலே கண்ட விதி, பல்லாண்டு கழிந்து, கிணற்றடி மோட்டாருக்கு உதவ வந்தது.

மூன்றாவது, கற்றதை ஊருக்குக் கொண்டுசெல்லுதல். விடுமுறையிற் கரிசற் சீமைக்குச் செல்லும் மாணவர், தம் வீட்டாரிடம் அர்ஹீனியஸ் பெயரைச் சொல்ல வேண்டுவதில்லை. மோட்டார் கொட்டகையின் தகரத்தின்மேல் ஓலை வேய்ந்தால் நலம். காற்றுப் போக எதிரெதிரே திறப்பு விட்டால் நலம். மோட்டாரின் காற்று வழியை அடைத்த புழுதியைத் துடைத்தால் நலம். வோல்டேஜ் மிகவும் தாழ்ந்திருக்கும் வேளையில் இறைக்காமல், ஏறிய வேளை பார்த்து இறைத்தால் நலம் என்று சொன்னாற் போதும். கம்பியின் சூடு பத்து டிகிரி தணிந்தால் அந்தக் காயிலின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும். ஓர் ஓலைக் கூரையின் செலவு எவ்வளவு, புதிதாகக் காயில் கட்டும் செலவும் வாடிய பயிரின் நஷ்டமும் எவ்வளவு என்று குடியானவரே கணக்கிட்டுக்கொள்வர். அக்கணக்கில் நம் நாட்டு உழவர் எவருக்கும் இளைத்தவரல்லர்.